திடலுக்கு வராத பிள்ளைகள்





புத்தகத் திருவிழாவின் இந்த மாலையில் எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு, ‘புத்தகத் திருவிழாவும் குற்றத் தடுப்பும்.’ ஓர் ஊரில் புத்தகத் திருவிழா நடந்தால் அந்த ஊரில் குற்றம் குறையுமா? குறையும் என்று நம்புகிறவன் நான். ஆனால் அந்த நம்பிக்கையை மட்டும் சொல்லி, கைதட்டல் வாங்கிக்கொண்டு இறங்கிப் போக எனக்கு மனமில்லை. எப்படி நடத்தினால் குறையும்? யாருக்காக நடத்தினால் குறையும்? அதைத்தான் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

முதலில் சிறைக்குள் ஒரு பார்வை பார்த்துவிடுவோம். தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் இந்தியச் சிறைகளைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிடுகிறது. 2021ஆம் ஆண்டுக்கான அறிக்கையை எடுத்துப் பாருங்கள். சிறையில் இருப்பவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் எழுதப் படிக்கத் தெரியாதவர். இன்னும் 40 விழுக்காட்டினர் பள்ளிக்குப் போனார்கள், ஆனால் பத்தாம் வகுப்பு வரை போகவில்லை. இரண்டையும் கூட்டினால் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பேர் ஆகிறது. கம்பிகளுக்குப் பின்னால் நிற்கும் மூன்று பேரில் இரண்டு பேர், பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுவிட்டவர்கள் அல்லது பள்ளிக்கூட வாசலையே பார்க்காதவர்கள்!

உடனே, படிக்காதவன் குற்றவாளி ஆகிறான் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அதே அறிக்கை இன்னொன்றையும் சொல்கிறது. சிறையில் இருப்பவர்களில் நான்கில் மூன்று பேர் விசாரணைக் கைதிகள். அவர்கள் குற்றம் செய்தார்கள் என்று எந்த நீதிமன்றமும் இன்னும் சொல்லவில்லை. வங்கிப் பணத்தைக் கோடி கோடியாகச் சுருட்டியவர்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாதா? சாதி மாறிக் காதலித்தாள் என்று பெற்ற மகளைக் கொன்ற வீடுகளில் பட்டதாரிகள் இல்லையா? படித்தவரும் குற்றம் செய்கிறார், படிக்காதவரும் செய்கிறார். படிக்காதவர் மாட்டிக்கொள்கிறார். அவருக்குப் பிணை கொடுக்க ஆள் வராது. மனு எழுதத் தெரியாது. தனக்குச் சட்ட உதவி உண்டு என்பது தெரியாது. எந்தத் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று அறியாமலே பெருவிரலை மையில் தோய்த்து ஊன்றிவிட்டு உள்ளே போகிறார்.

குற்றத்தால் பாதிக்கப்படுவதும் அவர்தான். கந்துவட்டிக்காரன் நீட்டும் வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடுகிறவர் யார்? 2003இலேயே தமிழ்நாட்டில் கந்துவட்டிக்கு எதிரான சட்டம் வந்துவிட்டது. அந்தச் சட்டம் தனக்காக இருக்கிறது என்று தெரியாதவருக்கு அந்தச் சட்டம் இருந்து என்ன பயன்? வெளிநாட்டு வேலை என்ற துண்டறிக்கையை நம்பி நகையை விற்கிறவர் யார்? கைபேசியில் வந்த எண்ணை யாரோ கேட்டார்கள் என்று சொல்லிவிட்டு, ஓய்வூதியப் பணத்தை இழந்து, 1930 என்ற உதவி எண் இருப்பதும் தெரியாமல் திண்ணையில் அழுதுகொண்டு உட்கார்ந்திருக்கும் பாட்டி யார்? குற்றத் தடுப்பு என்றதும் குற்றவாளியைத் திருத்துவதைப் பற்றியே பேசுகிறோம். ஏமாறாமல் நிற்கும் ஒவ்வொரு மனிதரும் ஒரு குற்றத்தைத் தடுத்திருக்கிறார் என்பதை மறந்துவிடுகிறோம்.

பெரியோர்களே, இப்போது உங்களைக் கடல் கடந்து ஓர் ஊருக்கு அழைத்துப் போகிறேன். தென் அமெரிக்காவில் கொலம்பியா நாடு. அங்கே மலைகளுக்கு நடுவே ஒரு பள்ளத்தாக்கில் மெதெயின் என்ற நகரம். ஆண்டு 1991. அந்த ஓர் ஆண்டில் அந்த நகரத்தில் லட்சம் மக்களுக்கு ஏறத்தாழ 380 பேர் கொலை செய்யப்பட்டார்கள். நம் நாட்டில் இன்றைக்கு அந்தக் கணக்கு லட்சத்துக்கு மூன்று பேருக்கும் குறைவு. மூன்று எங்கே, 380 எங்கே! பாப்லோ எஸ்கோபார் என்ற போதைப்பொருள் அதிபனின் ஊர் அது. மலைச் சரிவுகளில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக் கிடக்கும் ஏழைக் குடியிருப்புகளிலிருந்து, மீசை முளைக்காத பையன்களைப் பிடித்து, கையில் துப்பாக்கி கொடுத்து, மோட்டார் சைக்கிளில் ஏற்றி அனுப்பினார்கள். கூலிக்குக் கொன்றார்கள் அந்தப் பிள்ளைகள். பலர் இருபது வயதைப் பார்க்காமலே செத்தும் போனார்கள். இருட்டிய பிறகு தெருவில் இறங்க மக்கள் அஞ்சினார்கள்.

அந்த ஆண்டில், அதே 1991இல், பிரொமெத்தேயோ என்ற கவிதை இதழை நடத்திவந்த சில கவிஞர்கள் ஒரு முடிவெடுத்தார்கள். நாம் கவிதைத் திருவிழா நடத்துவோம் என்றார்கள். குண்டு வெடிக்கும் ஊரில் கவிதைத் திருவிழாவா? யார் வருவார்கள்? மக்கள் வந்தார்கள். வெளியே வர ஒரு காரணம் கிடைக்காதா என்று காத்திருந்தவர்கள்போல வந்தார்கள். அடுத்தடுத்த ஆண்டுகளில் பல ஆயிரம் பேர் நூத்திபாரா குன்றின் திறந்தவெளி அரங்கில் உட்கார்ந்து, உலகின் பல மொழிக் கவிஞர்கள் வாசிப்பதைக் கேட்டார்கள். 2006இல் அந்தத் திருவிழாவுக்கு, மாற்று நோபல் என்று பலரும் அழைக்கும் ரைட் லைவ்லிஹுட் விருது கிடைத்தது. கவிதை கேட்டதால் கொலைகாரன் கத்தியைக் கீழே போட்டான் என்று நான் சொல்லவரவில்லை. அச்சத்துக்குப் பறிகொடுத்த தெருவையும் மைதானத்தையும் மக்கள் தங்கள் கூட்டத்தாலேயே மீட்டெடுத்தார்கள் என்று சொல்கிறேன். ஆணும் பெண்ணும் குழந்தையும் நிறைந்து நிற்கும் வெளிச்சமான திடலில் யார் வந்து யாரை வெட்டுவது?

அடுத்த கட்டம் இதைவிட முக்கியமானது. 2004இல் செர்ஹியோ ஃபஹார்தோ என்ற கணிதப் பேராசிரியர் அந்த நகரத்தின் மேயரானார். அவர் காலத்தில் நூலகப் பூங்காக்கள் கட்டினார்கள். நகரின் நடுவிலே, வசதியானவர்கள் வாழும் பகுதியிலே கட்டினார்களா? இல்லை. சாந்தோ தொமிங்கோ என்ற மலைச்சரிவு. காவல்துறையே போகத் தயங்கிய இடம். அங்கே 2007இல் மூன்று கரும்பாறைகள் நிற்பதுபோல் ஒரு நூலகத்தை எழுப்பினார்கள். பள்ளத்தாக்கிலிருந்து அந்த மலைக்கு ஏற, 2004இலேயே கம்பிவட ஊர்தி வந்துவிட்டது. ஊரிலேயே மிக அழகான கட்டடம் ஊரிலேயே மிக ஏழ்மையான பகுதியில் இருக்க வேண்டும் என்பது அவர்கள் கொள்கை. அந்தக் காலத்தில்தான் அந்த நகரத்தின் தாவரவியல் பூங்காவில் ஆண்டுதோறும் புத்தகத் திருவிழாவும் தொடங்கியது.

கொலைகள் குறைந்தன. பெருமளவு குறைந்தன. நூலகம் மட்டுமா காரணம்? உண்மையைச் சொல்லத்தான் வேண்டும். எஸ்கோபார் 1993இலேயே கொல்லப்பட்டான். 2003க்குப் பிறகு ஆயுதக் குழுக்கள் பல கலைக்கப்பட்டன. ஒரே ஒரு தாதாவின் கைக்குள் ஊர் அடங்கிக் கிடந்ததால் வந்த அமைதியும் அதில் உண்டு. அவனை 2008இல் அமெரிக்காவுக்கு நாடு கடத்தியதும் குழுக்கள் மோதிக்கொண்டு கொலைகள் மறுபடி ஏறின, பிறகு இறங்கின. அந்த அழகான மலை நூலகமும் கட்டுமானக் கோளாறால் 2015இல் மூடப்பட்டு, பல ஆண்டுகள் மூடியே கிடந்தது. புத்தகம் ஒன்றே போதும் என்று மெதெயின் நமக்குச் சொல்லவில்லை. புத்தகத்தை எங்கே கொண்டு போய் வைக்க வேண்டும் என்று சொல்கிறது. யாரைக் கண்டு ஊர் பயந்ததோ, அந்தப் பிள்ளைகளின் வீட்டு வாசலில் கொண்டு போய் வைத்தார்கள். உனக்கும் இந்த ஊரில் மதிப்பு இருக்கிறது என்று கட்டடத்தாலேயே சொன்னார்கள்.

அவ்வளவு தூரம் போவானேன் என்று கேட்பீர்கள். இதோ, பக்கத்திலேயே நெல்லூர் இருக்கிறது. 1990களின் தொடக்கம். அங்கே எழுத்தறிவு இயக்கம் நடந்தது. பகலெல்லாம் வயலில் வேலை செய்துவிட்டு, இரவில் விளக்கடியில் உட்கார்ந்து பெண்கள் எழுத்துக் கூட்டிப் படித்தார்கள். அவர்களுக்குக் கொடுத்த பாடப் புத்தகத்தில் என்ன இருந்தது? சீதம்மாவின் கதை என்ற ஒரு பாடம் இருந்தது. குடியால் குலைந்த குடும்பத்தின் கதை. சாராயக் கடையை எதிர்த்துப் பெண்கள் திரளும் கதை. தூபகுண்டா என்ற சிற்றூரில் பெண்கள் அதைப் படித்தார்கள். படித்துவிட்டுப் புத்தகத்தை மூடி வைக்கவில்லை. இது நம் கதைதானே என்று கேட்டார்கள். கூலிப் பணத்தை வழியிலேயே சாராயக் கடையில் கொடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்து அடிக்கிறவர்கள் நம் வீட்டு ஆண்கள்தானே என்று கேட்டார்கள். மறுபடி கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கவும் இல்லை. எழுந்து போய்க் கடையை மூட வைத்தார்கள்.

அந்தச் செய்தி ஊர் ஊராகப் பரவியது. தூபகுண்டா ரோசம்மா என்ற பெண்மணியின் பெயர் ஆந்திரா முழுக்கத் தெரிந்தது. சாராயக் கடை ஏலங்களைப் பெண்கள் மறித்தார்கள். 1993 அக்டோபர் 1 முதல் ஆந்திர அரசு சாராயத்தைத் தடை செய்தது. 1995இல் முழு மதுவிலக்கே வந்தது. 1997இல் அந்த மதுவிலக்கைத் தளர்த்தினார்கள் என்பது வருத்தமான உண்மை. ஆனாலும் ஒன்றை எண்ணிப் பாருங்கள். குடித்துவிட்டு மனைவியை அடிப்பது குற்றம் இல்லையா? அந்தக் குற்றம் எத்தனை காவல் நிலையங்களில் பதிவாகியிருக்கும்? எந்தக் காவல் நிலையமும் தடுக்காத குற்றத்தைத் தடுக்க, எழுத்துக் கூட்டிப் படித்த பெண்கள் கிளம்பினார்கள். தங்கள் வாழ்க்கையைப் பேசும் ஒரு பாடம் அவர்கள் கைக்குக் கிடைத்ததால் கிளம்பினார்கள். எழுத்தறிவு குற்றத்தைத் தடுக்குமா என்று என்னிடம் யார் கேட்டாலும் நான் முதலில் நெல்லூரைத்தான் காட்டுவேன்.

நண்பர்களே, இனி நம் வீட்டுக்கு வருவோம்.

சென்னையில் 1977இல் தொடங்கிய புத்தகக் காட்சி இன்று பொங்கலோடு சேர்ந்த ஒரு பண்டிகை ஆகிவிட்டது. ஈரோட்டில் மக்கள் சிந்தனைப் பேரவை 2005 முதல் நடத்திவரும் திருவிழா, ஒரு மாவட்ட நகரத்தாலும் முடியும் என்று காட்டியது. பள்ளிப் பிள்ளைகள் உண்டியலில் காசு சேர்த்துப் புத்தகம் வாங்க வரும் பழக்கத்தை அந்த ஊர் வளர்த்தது. 2022க்குப் பிறகு அரசே மாவட்டந்தோறும் புத்தகத் திருவிழா நடத்துகிறது. பெருமைப்பட வேண்டிய செய்தி இது. நானும் பெருமைப்படுகிறேன்.

ஆனால் கேட்கிறேன். இந்தத் திடலுக்கு யார் வருகிறார்கள்?

பகலில் பள்ளிப் பேருந்துகள் வரிசையாக வந்து நிற்கின்றன. பிள்ளைகள் சீருடையில், கை கோத்து, வரிசையாக இறங்குகிறார்கள். பார்க்கவே கண் நிறைகிறது. ஆனால் எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டு நின்ற பையன் எந்தப் பேருந்தில் வருவான்? அவனுக்குச் சீருடை கிடையாது. அவன் பெயர் எந்த வருகைப் பதிவேட்டிலும் கிடையாது. அவன் இந்நேரம் மெக்கானிக் கடையில் கை முழுக்க கிரீஸோடு நிற்பான். மீன் சந்தையில் பெட்டி தூக்குவான். அல்லது வேலையும் இல்லாமல் தெருமுனையில் நிற்பான். சிறையில் மூன்றில் இரண்டு பேர் யார் என்று சற்று முன் பார்த்தோமே, அந்தக் கணக்குக்குள் விழக்கூடிய பிள்ளை இவன்தான். இவனைத் தவிர எல்லாப் பிள்ளைகளையும் நாம் பேருந்து வைத்து அழைத்து வந்துவிடுகிறோம்!

அவனைத் தேடி வேறு யாரோ போகிறார்கள். கஞ்சாப் பொட்டலத்தை ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குக் கொண்டு போனால் இருநூறு ரூபாய் என்கிறார்கள். பிறந்தநாளுக்குப் பட்டாக்கத்தியால் கேக் வெட்டும் அண்ணன் ஒருவர் அவனை, தம்பி வாடா என்று தோளில் கை போட்டு அழைக்கிறார். அவனை மதித்து அழைத்த முதல் ஆள் அவராக இருந்துவிடுகிறார். அந்த அண்ணனுக்கு முன்னால் ஓர் ஆசிரியரோ, ஒரு நூலகரோ, நம்மில் ஒருவரோ அவன் தோளில் கை வைத்திருந்தால்? அந்தப் போட்டியில் நாம் இறங்கவே இல்லையே, நண்பர்களே! மைதானத்தில் கடையை விரித்துவிட்டு, வருகிறவன் வரட்டும் என்று உட்கார்ந்திருக்கிறோம்.

நகரத்திலிருந்து அகற்றி, தொலைவில் கொண்டு போய்க் குடியமர்த்தப்பட்ட மக்களை நினைத்துப் பாருங்கள். சென்னையில் கண்ணகி நகர், பெரும்பாக்கம் போன்ற குடியிருப்புகள். முகவரியைச் சொன்னாலே வேலை தர யோசிக்கிறார்கள் என்று அந்தப் பகுதி இளைஞர்கள் பல காலமாகச் சொல்லிவருகிறார்கள். மாலை ஆறு மணிக்கு வேலை முடிந்து, இரண்டு பேருந்து மாறி வீடு சேரும் ஒரு தாய், மறுபடி பிள்ளையைக் கூட்டிக்கொண்டு புத்தகக் காட்சி நடக்கும் நந்தனம் திடலுக்கு வருவாரா? வரமாட்டார். அவரால் வர முடியாது. அப்படியென்றால் திருவிழாதான் போக வேண்டும்.

போக முடியுமா? முடியும். இந்த மண்ணில் ஒரு மாட்டு வண்டி போயிருக்கிறது. 1931இல், நூலகத் தந்தை எஸ்.ஆர். ரங்கநாதன் காலத்தில், மன்னார்குடி வட்டாரத்தில் மேலவாசல் கனகசபைப் பிள்ளை ஒரு மாட்டு வண்டி நிறையப் புத்தகம் ஏற்றிச் சுற்றுப்பட்டுக் கிராமங்களுக்கு அனுப்பினார். தார்ச்சாலை இல்லாத காலம் அது. அதே கொலம்பியாவில் லூயிஸ் சொரியானோ என்ற பள்ளி ஆசிரியர், இரண்டு கழுதைகளின் முதுகில் புத்தக மூட்டைகளைக் கட்டி, ஆயுதக் குழுக்கள் நடமாடிய கிராமங்களுக்குள் போனார். மாடு போன பாதையில், கழுதை ஏறிய மலையில், நம் டெம்போ வண்டியால் போக முடியாதா?

ஆகவே விழாக் குழுவினரை உரிமையோடு கேட்டுக்கொள்கிறேன். பத்து நாள் திருவிழாவில் ஒரே ஒரு மாலை, ஐந்தாறு அரங்குகளை மட்டும் எடுத்துக்கொண்டு அந்தக் குடியிருப்புகளுக்குள் போங்கள். சமுதாயக் கூடத்தில் வையுங்கள். இரவு ஏழு மணிக்குத் தொடங்கிப் பத்து மணிக்கு முடியுங்கள், ஏனென்றால் அவர்களுக்கு அதுதான் நேரம். ஐந்நூறு ரூபாய் நாவலை அங்கே கொண்டு போகாதீர்கள். பள்ளிக் கல்வித் துறை தன் வாசிப்பு இயக்கத்தில் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளாகச் சின்னச் சின்னப் புத்தகங்கள் போட்டிருக்கிறது. பெரிய எழுத்து, நிறையப் படம், குறைந்த பக்கம். பள்ளியை விட்ட பதினாறு வயதுப் பையனும் கூச்சமில்லாமல் கையில் எடுக்கும்படி, அவன் வயதுக்கேற்ற விஷயத்தோடு அப்படிப்பட்ட புத்தகங்களைப் போட நம் பதிப்பகங்கள் முன்வர வேண்டும். மோட்டார் பழுது பார்ப்பது, கால்பந்து, சினிமா ஒளிப்பதிவு, கைதானால் உனக்கு என்ன உரிமை என்று சொல்லும் சட்டக் கையேடு. எதில் அவனுக்கு ஆர்வமோ அதில் தொடங்கட்டும்.

காவல்துறையும் கூட வரட்டும். சென்னையில் காவல்துறையே சிறுவர் சிறுமியர் மன்றங்களை நடத்துகிறது. 2022இல் ‘சிற்பி’ என்ற திட்டத்தைப் பள்ளி மாணவர்களுக்காகத் தொடங்கினார்கள். நல்ல முயற்சிகள். பையனும் காவலரும் முதன்முதலாகச் சந்திக்கும் இடம் காவல் நிலையமாக இல்லாமல் புத்தக மேசையாக இருந்தால், அதன் பலன் பல ஆண்டுகளுக்கு நிற்கும்.

ஆனால் ஒன்று. அங்கே ‘குற்றத் தடுப்புப் புத்தகக் கண்காட்சி’ என்று பதாகை கட்டாதீர்கள். அந்தத் தெருப் பிள்ளைகளைப் பார்த்து, நீங்கள் குற்றவாளி ஆகிவிடக் கூடாது என்பதற்காக வந்திருக்கிறோம் என்று சொல்வதைப்போன்ற அவமானம் வேறு கிடையாது. பணக்காரக் குடியிருப்பில் அப்படி ஒரு பதாகை கட்டுவோமா? புத்தகத் திருவிழா என்று மட்டும் எழுதுங்கள். எல்லோருக்கும் கிடைக்கும் மரியாதை அவர்களுக்கும் கிடைக்கட்டும்.

திருவிழா முடிந்த பிறகு என்ன? அந்தத் தெருவுக்கு நடக்கிற தூரத்தில், மாலையில் திறந்திருக்கும் ஒரு நூலகம் வேண்டும். பகுதிநேர நூலகம் என்று பெயர்ப்பலகை இருக்கிறது, பூட்டும் இருக்கிறது என்ற நிலை எத்தனை ஊர்களில்! நூலகர் பணியிடங்களை நிரப்பாமல் புத்தகத் திருவிழாவுக்கு மட்டும் பந்தல் போடுவது போதாது. இதை அரசுக்கு அழுத்தமாகவே சொல்ல வேண்டும்.

கடைசியாக, ஏற்கெனவே உள்ளே போய்விட்டவர்களைப் பற்றி. பிரேசில் நாட்டில் 2012 முதல் கூட்டாட்சிச் சிறைகளில் ஒரு விதி உண்டு. கைதி ஒரு புத்தகத்தைப் படித்து, அதைப் பற்றித் தன் சொந்த நடையில் எழுதிக் கொடுத்தால் தண்டனையில் நான்கு நாள் குறையும். ஆண்டுக்குப் பன்னிரண்டு புத்தகம் வரை, 48 நாள் வரை. நம் நாட்டிலும் இது வர வேண்டும் என்பது என் கருத்து. அதற்குச் சட்டம் வேண்டும், நீதிமன்றம் வேண்டும், காலம் ஆகும். ஆனால் நாம் இன்றே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. 2023 சென்னைப் புத்தகக் காட்சியில் சிறைத்துறை ‘கூண்டுக்குள் வானம்’ என்ற பெயரில் ஓர் அரங்கு அமைத்தது. விற்பதற்காக அல்ல, வாசகர்களிடமிருந்து சிறை நூலகங்களுக்குப் புத்தகம் வாங்கிக்கொள்வதற்காக. மக்கள் மனமுவந்து கொடுத்தார்கள்.

அப்படி ஓர் அரங்கு ஒவ்வொரு மாவட்டத் திருவிழாவிலும் வேண்டும். பக்கத்திலேயே கூர்நோக்கு இல்லத்துப் பிள்ளைகளுக்கென்று இன்னொரு பெட்டியும் வேண்டும். அதில் வீட்டுப் பரணில் செல்லரித்த பழைய பாடப் புத்தகத்தைக் கொண்டுவந்து போடாதீர்கள். உங்கள் பிள்ளைக்கு இன்று எந்தப் புத்தகத்தை ஆசையாகத் தேடி வாங்கினீர்களோ, அதில் இன்னொரு பிரதி வாங்கிப் போடுங்கள். முடிந்தால் முதல் பக்கத்தில் இரண்டு வரி எழுதுங்கள். இன்னொன்றும் செய்யுங்கள். உங்கள் தெருவில் பள்ளியை விட்டு நின்ற பிள்ளை யாரென்று உங்களுக்குத் தெரியும். இந்தத் திருவிழா முடிவதற்குள் அந்தப் பிள்ளையை ஒரு மாலை கையோடு இங்கே அழைத்து வாருங்கள்.